இருபது மீட்டர் காடு

போர்னியோ தீவில், மலேசியாவின் சபா மாநிலத்தில் ஓடும் கினாபாத்தாங்கான் ஆற்றில் காட்டு விலங்குகளைப் பார்ப்பது எளிது. மாலை நான்கு மணிக்குப் படகு ஏறினால் போதும். அரை மணி நேரத்தில் நீள்மூக்குக் குரங்குகள் கண்ணில் பட்டுவிடும். தலைக்கு மேல் இருவாச்சிகள் இரண்டிரண்டாகக் கடக்கும். சேற்றுக் கரையில் முதலை கிடக்கும். நாளும் நேரமும் கூடி வந்தால் யானைக் கூட்டமே ஆற்றோரம் புல் மேய்ந்துகொண்டிருக்கும். சபாவுக்குப் போய் வந்தவர்கள் எல்லாரும் இதைத்தான் சொல்கிறார்கள்: "என்ன ஒரு காடு! எல்லாமே பக்கத்தில் வந்து நிற்கிறது!"

அதே சபாவில் டானும் பள்ளத்தாக்கு இருக்கிறது. 438 சதுர கிலோமீட்டர், பெரும்பகுதி கோடரி படாத தாழ்நில மழைக்காடு. அங்கே ஒரு பகல் முழுக்க நடந்தாலும் அட்டைக் கடியும் தூரத்துக் கிப்பன் குரங்கின் கூவலும் மட்டும் மிஞ்சுகிற நாட்கள் உண்டு. விலங்குகள் அங்கே குறைவு என்பதல்ல காரணம். அவற்றுக்குப் போக இடம் இருக்கிறது, போய்விடுகின்றன. கினாபாத்தாங்கானில் அந்த இடம் இல்லை. முன்னால் ஆறு, பின்னால் பாமாயில் தரும் செம்பனைத் தோட்டம். நடுவில் மிச்சமிருக்கும் காட்டுக்குள்தான் எல்லா உயிரும் அடைந்து கிடக்கின்றன. நாம் படகிலிருந்து வியப்பது அந்த நெருக்கடியை. இந்த ஊருக்குப் போகிற ஒவ்வொருவரும் இதைத் தெரிந்துகொண்டு போக வேண்டும் என்பதற்காகத்தான் எழுதுகிறேன்.

நான் அம்மாவோடு போனேன். அம்மா தீபகற்ப மலேசியாவின் தோட்டத்தில் பிறந்து, பால்மரம் (ரப்பர்) சீவி, பால்மரத்தை வெட்டிச் செம்பனை வைத்த பிறகு உதிரிப் பழம் பொறுக்கி, மருந்தடித்து, முதுகு வளையும்வரை வேலை பார்த்தவர். நான் படித்தது அந்தப் பழக் காசில். எனவே செம்பனையைத் திட்டி எழுதுவது எனக்குச் சுலபமான வேலை இல்லை. திட்டவும் போவதில்லை. ஆனால் சுற்றுலா வழிகாட்டிப் புத்தகம் எதிலும் இல்லாத ஒரு கண் அம்மாவிடம் இருந்தது. அந்தப் பயணத்தில் நான் கற்றதில் பாதி அவரிடமிருந்துதான்.

சண்டாக்கான் விமான நிலையத்திலிருந்து சுக்காவ் கிராமத்துக்கு வண்டியில் இரண்டரை மணி நேரம் போல ஆகிறது. வழியில் பெரும்பகுதி செம்பனைதான். சபா மாநிலத்தில் மட்டும் சுமார் 15 லட்சம் ஹெக்டேரில் செம்பனை நிற்கிறது. மழைக்காட்டைப் பார்க்க வந்தவர்கள் பொதுவாக இந்த நேரத்தில் தூங்கிவிடுகிறார்கள். எங்கள் வேனிலும் எல்லாரும் தூங்கினார்கள். அம்மா மட்டும் சன்னலை விட்டு முகத்தைத் திருப்பவில்லை.

"இது இருவத்தஞ்சு வருஷ மரம். ரொம்ப ஒசந்துடுச்சு, இனிமே கத்தி எட்டாது. வெட்டிட்டு மறுநடவு போடுவாங்க, பாரு" என்றார். சிறிது தூரம் போனதும் இன்னொன்றைக் காட்டினார். "இங்க பள்ளம். தண்ணி நிக்குது. குருத்து மஞ்சளா இருக்கு பாத்தியா? இந்த மரம் காய்க்காது. எதுக்கு இங்க கொண்டாந்து நட்டாங்க?"

அந்தக் கேள்வி பிறகு பெரிய கேள்வியாக வளர்ந்தது. அதற்கு முன் ஆற்றைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

கினாபாத்தாங்கான் 560 கிலோமீட்டர் நீளம். சபாவின் மிக நீண்ட ஆறு. மலேசியாவில் சரவாக்கின் ராஜாங்குக்கு அடுத்தது இதுதான். மத்திய சபா மலைகளில் பிறந்து, கிழக்கே சமவெளியில் வளைந்து வளைந்து ஓடிச் சூலு கடலில் சேர்கிறது. கீழ்ச் சமவெளியில் ஆண்டுதோறும் வெள்ளம் ஏறும். வளைவுகள் அறுபட்டுப் பழைய தடங்கள் குட்டைகளாக நிற்கும். வெள்ளக்காடு, சதுப்புக்காடு, சுண்ணாம்புக் குன்றுக் காடு, முகத்துவாரத்தில் அலையாத்திக் காடு என்று அடுத்தடுத்து வருவதால்தான் இத்தனை வகை உயிர்கள். மரம் வெட்டும் நிறுவனங்கள் முதலில் வந்தன, பெருமரங்கள் போயின. அதன் பின்னால் செம்பனை வந்தது. எஞ்சிய துண்டுகளைச் சேர்த்து 2005இல் கீழ்க் கினாபாத்தாங்கான் வனவிலங்குச் சரணாலயம் என்று அறிவித்தார்கள். சுமார் 26,000 ஹெக்டேர், பத்துத் துண்டுகள். ஒரே காடு இல்லை என்பதைக் கவனியுங்கள். ஒரு துண்டிலிருந்து அடுத்த துண்டுக்குப் போக விலங்குக்கு இருப்பது பெரும்பாலும் ஆற்றங்கரைக் கீற்று மட்டும்தான்.

நாங்கள் தங்கிய விடுதி ஆற்றின் ஓரத்தில், மரக்கால்கள் மேல் நின்றது. அறைக்கு அறை பலகை நடைபாதை. கொசுவலை, மின்விசிறி, ஈரம் காயாத துண்டு. ஏசி இல்லை, தேவையும் படவில்லை. வெள்ளம் எந்த ஆண்டு எவ்வளவு ஏறியது என்று கூடத்துத் தூணில் கோடு போட்டு எழுதி வைத்திருந்தார்கள். மிக உயர்ந்த கோடு என் தோளைத் தாண்டியது. விடுதிச் சாப்பாட்டு மேசையில் எதையும் வைத்துவிட்டு நகர முடியாது, நீள்வால் குரங்குகள் கூரையில் காத்திருக்கும். அதிகாலையில் கிப்பன்களின் கூவல் எழுப்பிவிடும். ஆண் தொடங்க, பெண் ஏற, மரத்துக்கு மரம் குரல் தாவும். அம்மா கட்டிலில் உட்கார்ந்தபடி கேட்டுக்கொண்டே இருந்தார். வெயில் ஏறியதும் அது அடங்கிவிடுகிறது.

எங்களை அழைத்துப் போன வழிகாட்டி ஒராங் சுங்கை சமூகத்தவர், இந்த ஆற்றின் கரையிலேயே தலைமுறைகளாக வாழ்கிற மக்கள். நாங்கள் அவரை அபாங் என்றோம், மலாயில் அண்ணன். அவர் அம்மாவை 'மச்சிக்' என்றார், அத்தை என்பது போல. அம்மாவின் தோட்டத்து மலாயும் அவருடைய சபா மலாயும் முதல் மாலையே ஒன்றுக்கொன்று பழகிவிட்டன.

மெனாங்குல் என்ற கிளை ஆறு சுக்காவுக்கு அருகில் பேராற்றில் கலக்கிறது. குறுகலான ஆறு. உள்ளே நுழைந்ததும் அபாங் இயந்திரத்தை அணைத்து மின்மோட்டாருக்கு மாறினார். நீள்மூக்குக் குரங்குகள் இரு கரையிலும் வந்து அமர்ந்திருந்தன. போர்னியோ தீவைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத இனம். ஆண் இருபது கிலோவைத் தாண்டும், பெண் அதில் பாதி. தொங்கும் மூக்கு ஆணுக்குத்தான். பருத்த வயிற்றுக்குக் காரணம் இருக்கிறது: அந்த இரைப்பை பல அறைகளாகப் பிரிந்தது, இலையை நுண்ணுயிர்கள் நொதிக்க வைத்துச் செரிக்கிறது. இனிப்பான பழுத்த பழம் உள்ளே போனால் அளவுக்கு மீறி நொதித்து வயிறு உப்பிவிடும். ஆகவே தளிரும் பழுக்காத காயும்தான் உணவு. இந்த மெனாங்குல் கரையில் ஆண்டுக்கணக்கில் ஆய்வு செய்த இக்கி மட்சுதாவும் அவருடைய குழுவினரும், இக்குரங்குகள் தின்றதை எதுக்கி மறுபடி மெல்லுவதை 2011இல் எழுதினார்கள். மாடு அசைபோடுவதைப் போன்ற ஒரு பழக்கம், குரங்கினத்தில் முதன்முறையாகப் பதிவானது இங்கேதான்.

பகலில் உட்காட்டில் மேய்ந்துவிட்டு மாலையில் இவை ஆற்றோரம் வந்துதான் உறங்கும். கரையோர மரத்தில் ஒரு பக்கம் வெட்டவெளி, மேகச்சிறுத்தை எந்தப் பக்கம் இருந்து ஏறி வரும் என்பது தெரிந்துவிடும். ஆறு குறுகிய இடமாகப் பார்த்து அமர்ந்தால் ஆபத்தில் எதிர்க்கரைக்குத் தாவிவிடலாம். நாம் மாலையில் படகு எடுப்பதும் அவை மாலையில் கரைக்கு வருவதும் பொருந்திப் போகின்றன. காடு பரந்து கிடந்த காலத்திலும் இந்தப் பழக்கம் இருந்திருக்கும். பின்னால் திரும்பிப் போகும் தூரம்தான் இப்போது சுருங்கிவிட்டது. ஓரிடத்தில் குரங்குகள் அமர்ந்திருந்த மரங்களுக்கு ஊடாக அந்தப் பக்கம் செம்பனை ஓலைகளின் வரிசை தெரிந்தது. அம்மாதான் முதலில் பார்த்தார். "அடுத்தது தோட்டம்தான்" என்றார்.

சபாவின் 1998ஆம் ஆண்டு நீர்வளச் சட்டப்படி, மூன்று மீட்டருக்கு மேல் அகலமுள்ள ஆற்றின் கரையில் 20 மீட்டர் அகலத்துக்குக் காடு விடப்பட வேண்டும். மண் அரிப்பைத் தடுக்க, உரமும் மருந்தும் ஆற்றில் கலக்காமல் வடிகட்ட என்று வகுத்த அளவு அது. யானை போக வகுத்த அளவு அல்ல. இருபது மீட்டர் என்றால் நான்கு வரிசைச் செம்பனை கூட அதில் நிற்காது. அம்மா விரல்விட்டு எண்ணிச் சொன்ன கணக்கு இது. சில இடங்களில் அந்த இருபதும் இல்லை. செம்பனை வேர் ஆற்று மண்ணிலிருந்து வெளியே தொங்கியதைப் படகிலிருந்தே பார்த்தோம்.

யானைகளை ஒரு பிற்பகலில் கண்டோம். பெண்களும் குட்டிகளுமாகக் கரையின் உயர்ந்த புல்லுக்குள் நின்றிருந்தன. போர்னியோ யானை மற்ற ஆசிய யானைகளைவிட உருவில் சற்றுச் சிறியது, வால் நீண்டு கிட்டத்தட்டத் தரையைத் தொடும். யாரோ சுல்தானுக்குப் பரிசாக வந்த வளர்ப்பு யானைகளின் வழித்தோன்றல் என்று நெடுங்காலம் பேசிக்கொண்டிருந்தார்கள். 2003இல் வெளியான மரபணு ஆய்வு, அவை சுமார் மூன்று லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே பிரிந்த தனி வழி என்று காட்டியது. 2024இல் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அவற்றை அருகிவரும் உயிரினமாகத் தனியே பட்டியலிட்டது. காட்டில் எஞ்சியிருப்பவை ஏறத்தாழ ஆயிரம்.

எங்கள் படகு நின்ற சற்று நேரத்தில் இன்னும் பல படகுகள் வந்து சேர்ந்தன. ஒரு குட்டி தண்ணீரில் இறங்கத் தயங்கித் தயங்கித் தாயின் காலுக்குள் போனது. ஆற்றைக் கடக்க வந்த கூட்டம் அது என்று அபாங் அடங்கிய குரலில் சொன்னார். எங்கள் படகைப் பின்னால் இழுத்துக்கொண்டார். மற்றவர்களுக்கும் கை காட்டினார். இரண்டு படகுகள் விலகின, மற்றவை விலகவில்லை. யானைகள் புல்லுக்குள் திரும்பிவிட்டன. பார்ப்பதற்காக மனிதர்கள் வருவதே அவற்றின் வழியை அடைக்கும் இடம் இது. தள்ளி நிற்கச் சொல்லும் துணிவு படகோட்டிக்கு இருக்க வேண்டும், அதற்கு முகம் சுளிக்காத மனம் பயணிக்கு இருக்க வேண்டும். நெருக்கமான படம் கிடைக்கவில்லை என்று விடுதியில் புகார் எழுதுகிறவர்கள்தான் அடுத்த படகோட்டியை இன்னும் நெருங்கிப் போக வைக்கிறார்கள்.

அம்மா அன்று வெகுநேரம் பேசவில்லை. இரவுச் சாப்பாட்டின் போதுதான் சொன்னார். அவர் தோட்டத்தில் மறுநடவு போட்ட வருஷம் யானை இறங்கியதாம். ஒரே ராத்திரியில் வரிசை வரிசையாகக் கன்றைப் பிடுங்கி, குருத்தை மட்டும் தின்றுவிட்டு மிச்சத்தைப் போட்டுவிட்டுப் போயிருந்தது. தகர டின்னைத் தட்டிக்கொண்டு ஆண்கள் விடிய விடியக் காவல் நின்றார்கள். "அப்ப எங்களுக்கு அது எதிரி. கன்னு போனா மேனேஜர் யாரத் திட்டுவாரு? எங்களத்தான். அது எங்கருந்து வருது, எதுக்கு வருதுன்னு யாரும் கேக்கல. இங்க பாத்தா அதுக்கு நிக்கவே எடம் இல்லையேம்மா." 

இப்போது தோட்டங்கள் மின்வேலி போடுகின்றன. வேலி தன் தோட்டத்தைக் காக்கும், யானையை அடுத்த தோட்டத்துக்கோ கிராமத்துக்கோ தள்ளிவிடும். ஒவ்வொருவரும் தனித்தனியாக வேலி போட்டுக்கொண்டே போனால் கடைசியில் யானை நிற்பது ஊர்க் கல்லறையிலும் பழத்தோட்டத்திலும்தான். அபாங்கின் கிராமத்தில் அது நடக்கிறது.

ஓராங் ஊத்தானுக்கு வேறு விதமான அடைப்பு. அதற்கு நீந்தத் தெரியாது. முன்பு கிளை ஆறுகளின் இரு கரைப் பெருமரங்களும் மேலே கைகோத்திருக்கும், அதன் வழியே கடந்துவிடும். அந்த மரங்கள் வெட்டுப்பட்ட பிறகு, நாம் ஐந்து நிமிடத்தில் துடுப்புப் போட்டுக் கடக்கும் ஓடை அதற்குக் கடல். சுக்காவில் 1998 முதல் கிராம மக்களோடு சேர்ந்து இயங்கும் ஹூத்தான் என்ற அமைப்பு, பழைய தீயணைப்புக் குழாய்களையும் கயிறுகளையும் கொண்டு ஓடைகளுக்கு மேல் பாலம் கட்டத் தொடங்கியது 2003இல். ஓராங் ஊத்தான் அதில் கடப்பது படமாகப் பதிவானது 2010இல். ஏழு ஆண்டுகள் காத்திருந்திருக்கிறார்கள். இந்தச் சமவெளியில் 2000களின் தொடக்கத்தில் சுமார் 1,100 ஆக இருந்த ஓராங் ஊத்தான்கள் சுமார் 800 ஆகக் குறைந்ததை அவர்களின் கணக்கெடுப்புதான் காட்டியது. தாய் ஏழெட்டு ஆண்டுக்கு ஒரு குட்டிதான் ஈனும். ஒரு தாய் செத்தால் அந்த இழப்பை ஈடுகட்ட ஒரு தலைமுறை ஆகும்.

நாங்கள் ஒன்றைப் பார்த்தோம். அத்தி மரத்தில், குட்டியோடு. அபாங் படகை நிறுத்தி, மேலே கிளைகளை மடித்துக் கட்டியிருந்த பழைய கூட்டையும் காட்டினார். ஒவ்வொரு மாலையும் பெரும்பாலும் புதுக்கூடு கட்டிக்கொள்ளும். அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, அது பழம் தின்றது, நாங்கள் பார்த்தோம்.

இருவாச்சிகளைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. போர்னியோவில் உள்ள எட்டு இருவாச்சி இனங்களும் இந்த ஒரே ஆற்றங்கரையில் இருக்கின்றன. ஆனைமலைக் காடுகளில் இருவாச்சி பார்த்தவர்களுக்கு அந்தச் சிறகொலி தெரியும். பெரிய மரப்பொந்து இல்லாமல் இப்பறவைக்கு இனப்பெருக்கம் இல்லை. பெண் பறவை பொந்துக்குள் புகுந்து வாசலைச் சேறும் எச்சமும் கொண்டு அடைத்துக்கொள்ள, ஆண் மாதக்கணக்கில் பழம் கொண்டுவந்து ஊட்டும். பொந்து விழும் வயதுடைய மரங்களைத்தான் முதலில் வெட்டினார்கள். பறவை இருக்கிறது, கூடு வைக்க மரம் இல்லை. அதனால் இப்போது மரப்பெட்டிகளைப் பெருமரங்களில் ஏற்றிக் கட்டிப் பார்க்கிறார்கள். தலைக்கவச இருவாச்சியின் நிலைமை இன்னும் மோசம். கெட்டியான அலகு மேட்டுக்காக வேட்டையாடப்பட்டு, 2015இல் மிக அருகிய இனமாக அறிவிக்கப்பட்டது. அதன் குரலை மட்டும் கேட்டோம்.

விடுதிகளில் இரவுப் படகு என்று ஒன்று உண்டு. தூங்கும் மீன்கொத்தியின் முகத்தில் விளக்கடித்துப் படம் எடுப்பது. எங்கள் அபாங் விளக்கைப் பறவையின் பக்கவாட்டில் ஒரு கணம் காட்டி அணைத்துவிட்டார். அப்படியும் எனக்கு அது பிடிக்கவில்லை. மறுபடி போனால் இரவுப் படகைத் தவிர்ப்பேன்.

ஒரு மாலை அபாங் தன் அப்பாவைப் பற்றிப் பேசினார். மரம் வெட்டும் முகாமில் வேலை பார்த்தவர். காண்டாமிருகத் தடத்தை அவர் கண்டிருக்கிறாராம். சபாவில் பாதுகாப்பில் இருந்த இமான் என்ற பெண் சுமத்ரா காண்டாமிருகம் 2019 நவம்பரில் இறந்ததோடு மலேசியாவில் அந்த இனம் முடிந்துவிட்டது. அப்பா மரம் வெட்டினார், மகன் மிச்சக் காட்டைக் காட்டிச் சம்பாதிக்கிறார். "என் மகனுக்கு என்ன வேலை இருக்கும் என்று தெரியவில்லை, மச்சிக்" என்றார். சுக்காவில் ஆற்றின் குறுக்கே பாலம் கட்டும் திட்டம் யானை வழியை அறுக்கும் என்ற எதிர்ப்பால் 2017இல் கைவிடப்பட்டதையும் அவர்தான் சொன்னார். வெளியூர்க்காரர்கள் மகிழ்ந்தார்கள், அக்கரையில் உறவுள்ள சில கிராமத்தார் வருந்தினார்கள். இரண்டையும் அவர் ஒரே குரலில் சொன்னார். இங்கே இருப்பவர்களுக்குச் சாலையும் மருத்துவமும் வேண்டும் என்பதை மறந்துவிட்டு யானையைப் பற்றி மட்டும் பேசுவது நியாயம் இல்லை என்றுதான் நானும் நினைக்கிறேன்.

இப்போது அம்மாவின் கேள்விக்கு வருகிறேன். தண்ணீர் தேங்கும் பள்ளத்தில் எதற்கு நட்டார்கள்?

நிலம் கையில் இருந்தது, நட்டார்கள். அவ்வளவுதான். வெள்ளம் அடிக்கடி ஏறும் தாழ்நிலத்தில் இளங்கன்று அழுகும், தப்பிய மரமும் சரியாகக் குலை தள்ளாது, உரம் ஆற்றோடு போகும். இதை அம்மா வேன் சன்னலிலிருந்து சொன்னார். கீழ்க் கினாபாத்தாங்கான் தோட்டங்களை அலசிய ஓர் ஆய்வு 2014இல் இதையே எழுதியிருக்கிறது: வெள்ளத்தால் விளைச்சல் இல்லாத இடங்களைக் காட்டுக்குத் திருப்பிக் கொடுத்தால் தோட்டத்துக்கும் பெரிய நட்டம் இல்லை, துண்டுகள் இணையும். விளைகிற மேட்டு நிலத்தை யாரும் கேட்கவில்லை. விளையாத பள்ளத்தைத்தான் கேட்கிறார்கள். அந்தப் பள்ளங்களில் பல ஆற்றோரமாக, யானை போக வேண்டிய வழியிலேயே இருக்கின்றன. இருபத்தைந்து வருஷ மரம் வெட்டி மறுநடவு போடும் தருணம்தான் அதற்கு வாய்ப்பு. மறுபடி அங்கே கன்று இறக்கிவிட்டால் இன்னும் கால் நூற்றாண்டு கேட்க முடியாது. இந்தத் தொழில் எங்களுக்குச் சோறு போட்டது. சோறு போட்ட தொழில் இதைக்கூடச் செய்யாமல் இருப்பது எனக்கு மனக்கசப்பாக இருக்கிறது.

அப்படிக் காட்டுக்குத் திரும்பிய ஒரு துண்டு நிலத்தில் கன்று நடும் பெண்களைப் பார்க்க அபாங் கூட்டிப் போனார். எல்லாரும் கிராமத்துப் பெண்கள். நடுவது சிறிய வேலை, அதற்குப் பிறகு மாதாமாதம் புல் வெட்டுவதுதான் பெரிய வேலை என்றார்கள். புல்லும் கொடியும் ஏறினால் கன்று மூச்சு முட்டிச் செத்துவிடும், மான் கடிக்கும், வெள்ளம் வந்து மொத்தமாகக் கொண்டுபோகும், மறுபடி நடுவார்கள். அம்மா அவர்களின் அரிவாளை வாங்கிப் பார்த்தார். கைப்பிடியைப் பார்த்தார். பிறகு நான் கேட்க நினைக்காததைக் கேட்டார்: "கூலி எவ்வளவு? மழை நாளுக்கு உண்டா?"

உண்டு என்றார்கள். அம்மா தலையசைத்தார். எங்கள் தோட்டத்தில் மழை பெய்தால் அன்றைய கூலி போய்விடும்.

போக நினைப்பவர்களுக்கு: ஏப்ரல் முதல் அக்டோபர் வரை தரை ஓரளவு காய்ந்திருக்கும், டிசம்பர் முதல் பிப்ரவரி வரை வெள்ளம் ஏறக்கூடும். விடுதியைப் பதிவு செய்யும்முன் மூன்று கேள்வி கேளுங்கள். வழிகாட்டியும் படகோட்டியும் சுக்காவ், பிலிட், பத்து பூத்தே போன்ற உள்ளூர்க் கிராமத்தவர்களா? கிளை ஆற்றில் மின்மோட்டார் பயன்படுத்துகிறார்களா? யானை கடக்கும்போது படகை நிறுத்துவது பற்றி விதி வைத்திருக்கிறார்களா? கிராம வீடுகளிலேயே தங்கும் ஏற்பாடும் உண்டு, விலையும் குறைவு. நடவுக்கு ஒரு பகல் ஒதுக்க முடியுமானால் ஒதுக்குங்கள். கன்றுக்கான பணம் கொடுப்பதோடு நிற்காமல் பராமரிப்புக்கும் சேர்த்துக் கொடுங்கள், புல் வெட்ட ஆள் இல்லாத கன்று நிலைப்பதில்லை. சண்டாக்கானிலிருந்து வரும் சாலையில் தூங்காமல் வாருங்கள்.